டெய்லர் ஸ்விஃப்ட்: டியூஷன் வாசலில் அம்மாக்கள் கேட்ட கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பதினோரு வருடமாகத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். இடைநிலைப் பள்ளியின் படிவம் ஒன்று முதல் ஐந்து வரை, பெரும்பாலும் பெண் பிள்ளைகள். 2024 மார்ச்சில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போய் டெய்லர் ஸ்விஃப்ட் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தச் செய்தி எப்படியோ பரவிவிட்டது. அன்றிலிருந்து பிள்ளையை அழைத்துப்போக வரும் அம்மாக்கள், சில அப்பாக்கள், ஒரு தாத்தா எல்லாரும் வாசலில் செருப்பைப் போட்டபடியே கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவரிடமும் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. அதனால் முழுதாக எழுதி வைக்கிறேன்.

யாரம்மா இந்தப் பெண்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1989 டிசம்பர் 13ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். பாட வேண்டும் என்று பிள்ளை பிடிவாதமாக இருந்ததால், அவருக்குப் பதினான்கு வயதாகும்போது குடும்பமே நாஷ்வில் பக்கம் குடிபெயர்ந்தது. அங்கேதான் கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் கம்பெனிகள் இருக்கின்றன. முதல் ஆல்பம் 2006இல் வந்தது, அப்போது வயது பதினாறு. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை 2010, 2016, 2021, 2024 என நான்கு முறை வாங்கியிருக்கிறார். அந்த விருதை நான்கு முறை வாங்கிய பாடகர் வேறு யாரும் இல்லை. 2023 மார்ச்சில் தொடங்கி 2024 டிசம்பரில் முடிந்த எராஸ் சுற்றுப்பயணத்தில் 149 நிகழ்ச்சிகள். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், டிக்கெட் விற்பனை மட்டும் 200 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது.

நம் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? நம்மிடம் இல்லாத பாட்டா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன்.

என்னைக் கேட்டால், முதல் காரணம் குரலோ நடனமோ இல்லை. அவரே எழுதுகிறார், அதுதான். ஆரம்பத்தில், கூட இருப்பவர்கள்தான் எழுதிக்கொடுக்கிறார்கள், இவ்வளவு சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று பேசினார்கள். 2010இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் பாட்டுகளை அவர் தனி ஆளாகவே எழுதினார், இன்னொருவரின் பெயர் சேராமல். அப்போது இருபது வயது.

எழுதுவது என்ன? ஒரு வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த கழுத்துத்துணி. பாதி ராத்திரியில் சமையலறையில் திறந்த ஃப்ரிட்ஜின் வெளிச்சம். பள்ளியில் யாரும் பக்கத்தில் உட்காராத ஒரு நாள். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பெரியவர்கள் தள்ளிவிடுவதையெல்லாம் அந்தப் பெண் எடுத்து, எண்பதாயிரம் பேர் நிற்கும் மைதானத்தில் பாடுகிறார். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, பதினான்கு வயதில் அழுததை நினைத்துப் பார்த்தால் நமக்கே தெரியும்.

நான் கண்ணதாசனிலும் வாலியிலும் வைரமுத்துவிலும் வளர்ந்தவள். அவர்கள் பாட்டு இல்லாமல் எனக்கு ஒரு நாள் போகாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஜானகி அம்மா பாடினாலும் சித்ரா பாடினாலும், அந்தப் பெண்ணின் மனசு இதுதான் என்று எழுதியவர் பெரும்பாலும் ஓர் ஆண். தாமரை 'வசீகரா' எழுதியபோது எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. இன்றைக்கும் சினிமாவில் பெண் பாடலாசிரியர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் நம் மரபில் இது புதுசு இல்லை. குறுந்தொகையில் வெள்ளிவீதியார் தன் தவிப்பைத் தானே சொல்கிறார். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் 143 பாசுரத்திலும் தன் ஆசையைத் தன் வாயாலேயே பாடுகிறாள். குயிலிடம் கேட்கிறாள், மேகத்தைத் தூது அனுப்புகிறாள், சங்கைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். வகுப்பில் அந்தச் சங்குப் பாசுரத்தை நடத்தியபோது பின் வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி, "டீச்சர், இது டெய்லர் பாட்டு மாதிரியே இருக்கு" என்றாள். நான் மறுக்கவில்லை.

அதனால் படிப்புக்கு என்ன பயன்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். படிவம் நான்கில் ஒரு மாணவி, கட்டுரை என்றால் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதவே மாட்டாள். கையில் எப்போதும் ஆங்கிலப் பாட்டு வரிகள் எழுதிய ஒரு சின்ன நோட்டு. ஒரு நாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவர் ஒரு கழுத்துத்துணியை வைத்துப் பத்து நிமிடப் பாட்டு எழுதியிருக்கிறாரே, உன் வீட்டில் எந்தப் பொருள் உனக்கு அப்படி?" என்று கேட்டேன்.

அடுத்த வாரம் இரண்டரைப் பக்கம் எழுதி வந்தாள். அப்பாவின் லாரிச் சாவிக்கொத்து. அதில் ஒரு முருகன் டாலர் இருக்கிறது, முகம் தேய்ந்து வேல் மட்டும் தெரிகிறது. காலை நான்கு மணிக்கு அப்பா கிளம்பும்போது அந்தச் சாவி கதவில் உரசும் சத்தத்தில் தனக்கு விழிப்பு வந்துவிடும், ஆனால் எழுந்து போய் ஒரு நாளும் "போய்ட்டு வாங்க" என்று சொன்னதில்லை என்று முடித்திருந்தாள். ஒற்றுப்பிழை நிறைய இருந்தது. அதை அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பழைய ஆல்பங்களைத் திரும்பப் பாடினாராமே, ஏன்?

பெண் பிள்ளைகளுக்கு இவர் கற்றுக்கொடுத்ததில் இதுதான் பெரியது என்பேன்.

இசை உலகில் மாஸ்டர் என்று ஒன்று உண்டு. ஸ்டூடியோவில் பதிவு செய்த அசல் ஒலிப்பதிவு. பாட்டை எழுதியவருக்கு ஓர் உரிமை இருக்கும். மாஸ்டரின் உரிமை வேறு, அது பெரும்பாலும் கம்பெனியிடம் போய்விடும். ஸ்விஃப்ட் பதினைந்து வயதில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அப்படித்தான் இருந்தது. 2019இல் அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்களோடு கம்பெனி வேறு கைக்குப் போனது. 2020இல் அந்த மாஸ்டர்கள் இன்னொரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறின. அவர் வெளிப்படையாகவே தன் வருத்தத்தைச் சொன்னார்.

அப்புறம் செய்ததுதான் யாரும் எதிர்பாராதது. பாட்டை எழுதிய உரிமை தன்னிடம் இருக்கிறதே, அதை வைத்துப் பழைய ஆல்பங்களை முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிவு செய்தார். 2021இல் இரண்டு, 2023இல் இரண்டு. ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'டெய்லர்ஸ் வெர்ஷன்', அதாவது டெய்லரின் பதிப்பு என்று சேர்த்தார். ரசிகர்கள் பழையதை விட்டுவிட்டுப் புதியதைக் கேட்டார்கள். அந்தக் கழுத்துத்துணிப் பாட்டின் பத்து நிமிடப் பதிப்பு 2021 நவம்பரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவ்வளவு நீளமான பாட்டு அங்கே அதற்கு முன் முதலிடம் போனதில்லை. கடைசியில் 2025 மே மாதம் அசல் மாஸ்டர்களையும் விலை கொடுத்து வாங்கிவிட்டார்.

நமக்கு இந்தச் சண்டை அந்நியமானது இல்லை. 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பிக்கும் சித்ராவுக்கும் வக்கீல் நோட்டீஸ் போனபோது, "பாட்டு யாருக்குச் சொந்தம்?" என்று நம் காப்பிக்கடை மேசைகளிலும் விவாதம் நடந்தது. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், பணம் போட்டவர் என்று ஒரே பாட்டில் பல பேரின் உரிமை பின்னிக் கிடக்கிறது. அன்றைக்குப் பாதிப் பேருக்கு அது புரியவில்லை. இன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிகிறது. "எதிலாவது கையெழுத்துப் போடும் முன்னால் முழுசாகப் படி" என்று நான் ஆயிரம் முறை சொல்லியும் ஏறாதது, இந்தக் கதையில் ஏறிவிட்டது.

கோலாலம்பூருக்கு ஏன் வரவில்லை?

வந்திருக்கிறார். 2014 ஜூன் மாதம் புக்கிட் ஜாலில் புத்ரா உள்ளரங்கில் பாடினார். பிறகு அக்சியாத்தா அரினா என்று பெயர் மாறியதே, அதே இடம். இப்போது படிவம் ஒன்றில் இருக்கும் பிள்ளைகள் அப்போது கைக்குழந்தைகள்.

எராஸ் சுற்றுப்பயணத்தில் தென்கிழக்காசியாவில் சிங்கப்பூர் மட்டும்தான். 2024 மார்ச் 2 முதல் 9 வரை ஆறு இரவுகள், தேசிய விளையாட்டரங்கில். மூன்று லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். பிப்ரவரியில் அப்போதைய தாய்லாந்துப் பிரதமர் ஸ்ரெத்தா, ஒரு நிகழ்ச்சிக்கு இருபது முப்பது லட்சம் அமெரிக்க டாலர் வரை கொடுத்து, பக்கத்து நாடுகளுக்குப் போகக்கூடாது என்று சிங்கப்பூர் ஒப்பந்தம் போட்டதாகப் பேசினார். தொகை அவ்வளவு இல்லை என்று சிங்கப்பூர் சொன்னது. ஆனால் ஊக்கத்தொகை கொடுத்ததையும், இந்த வட்டாரத்தில் வேறெங்கும் பாடக்கூடாது என்ற ஏற்பாடு இருந்ததையும் அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியென் லூங் ஒப்புக்கொண்டார். அண்டை நாடுகள் மேல் பகைமை எதுவும் இல்லை என்றார். ஒரு பாடகியின் பயணத்தைப் பற்றி இரண்டு பிரதமர்கள் பதில் சொல்லும் நிலை வந்தது. இந்தப் பெண்ணின் செல்வாக்குக்கு இதைவிட வேறு அளவுகோல் வேண்டாம்.

முதல் நாள் மேடையில், தன் அம்மா சிறுவயதில் சிங்கப்பூரில் வளர்ந்தவர் என்று அவர் சொன்னார். அதைக் கேட்டதும் இந்தப் பக்கத்துப் பெண் மாதிரியே ஆகிவிட்டார் எனக்கு.

செலவு எவ்வளவு ஆனது? உண்மையைச் சொல்லுங்கள்.

சாதாரண டிக்கெட் 108 முதல் 348 சிங்கப்பூர் வெள்ளி வரை. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 380 முதல் 1,220 வெள்ளி. விஐபி டிக்கெட்டுகள் 1,228 சிங்கப்பூர் வெள்ளி வரை போயின. 2023 ஜூலையில் விற்பனை. சிங்கப்பூரில் டிக்கெட் விற்ற தபால் நிலையங்களின் முன்னால் ஆட்கள் ராத்திரியெல்லாம் வரிசையில் படுத்துக் கிடந்தார்கள். நாங்கள் கம்ப்யூட்டர் வரிசையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மேல் அடுக்கில் இரண்டு இடம் பிடித்தோம். அக்கா மகள் மூன்று வருடத் தீபாவளிக்குப் பெரியவர்கள் உறையில் போட்டுத் தந்த அங்பாவைச் சேர்த்து வைத்திருந்தாள், அது அவள் டிக்கெட்டுக்குச் சரியாகப் போனது. பஸ், சாப்பாடு என் செலவு. விடுதி எடுக்கவில்லை, ஈசூனில் சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டோம்.

கறுப்புச் சந்தையில் மட்டும் வாங்காதீர்கள். வாசல் வரை போய்த்தான் டிக்கெட் போலி என்று தெரியும். அங்கே ஒரு பிள்ளை சுவரோரம் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

கையில் மணிக்கட்டு வரை மணிச்சரம் போட்டுக்கொள்கிறார்களே, அது என்ன?

நட்புக் காப்பு. 2022இல் வந்த 'மிட்நைட்ஸ்' ஆல்பத்தின் ஒரு பாட்டில் நட்புக் காப்பு செய்வதைப் பற்றி ஒரு வரி வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ரசிகைகளே ஆரம்பித்த வழக்கம். எழுத்து மணிகளைக் கோத்துப் பாட்டுப் பெயரோ விருப்பமான சொல்லோ வரச் செய்து, நிகழ்ச்சிக்குப் போகும் இடத்தில் முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொள்கிறார்கள். காசு வாங்குவதில்லை.

மணிக்கடையில் ஆங்கில எழுத்து மணி ஒரு பொட்டலம் சில வெள்ளிதான். ஆனால் தமிழ் எழுத்து மணி எங்கே கிடைக்கும்? மஸ்ஜித் இந்தியா பக்கம் தேடினோம், லிட்டில் இந்தியாவில் தேடினோம், இல்லை. கடைசியில் அக்கா மகள் எழுத்தில்லாத வெள்ளை மணிகளை வாங்கி, அழியாத மையில் தானே எழுதினாள். முதல் நாள் வியர்வையில் எல்லாம் கலங்கிப்போனது. மறுபடி எழுதி, மேலே நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோட் அடித்துக் காய வைத்தாள். சாப்பாட்டு மேசை முழுக்க அந்த வாடை. 'ஃபியர்லெஸ்' என்று 2008இல் வந்த ஆல்பம், பயமில்லாதவள் என்று அர்த்தம். அதற்குப் பதில் அவள் கோத்தது 'யாமிருக்க பயமேன்'. கோக்கச் சரியாக ஒன்பது மணிகள்.

அந்தக் காப்பை விளையாட்டரங்கின் வெளியே மணிலாவிலிருந்து வந்த ஒரு பெண் வாங்கிக்கொண்டாள். இது என்ன மொழி, என்ன அர்த்தம் என்று கேட்டாள். இவள் நின்று நிதானமாக, பத்துமலை முருகனிலிருந்து ஆரம்பித்து விளக்கினாள். தமிழ்மொழி நாளில் மேடை ஏறச் சொன்னால் ஓடி ஒளியும் பிள்ளை அவள்.

கோயில், விரதம் எல்லாம் இதனால் மறந்துபோகாதா?

நாங்கள் போனது மார்ச் 9, சனிக்கிழமை. முந்தின இரவு மகா சிவராத்திரி. என் அம்மா, "அந்த ராத்திரி முடிந்த கையோடயா போவீங்க?" என்றார். நான்கு கால பூஜையும் பார்த்துவிட்டு, நெற்றி விபூதியோடு விடியற்காலை டிபிஎஸ் நிலையத்தில் பஸ் ஏறினோம். ஜொகூர் பாரு வரும்வரை இரண்டு பேரும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினோம். சாயங்காலம் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்று நாற்பது பாட்டுக்கு மேல் அக்கா மகளும் கூடவே பாடினாள். ஒரு பிள்ளையின் மனசில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

எல்லாம் காதல் பாட்டு, ஏகப்பட்ட காதலர்கள். பெண் பிள்ளைக்கு இது நல்லதா?

காதல் பாட்டு இல்லாத தமிழ் வீடு உண்டா? பாட்டைவிட, 2017இல் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

2013இல் ஒரு ரசிகர் சந்திப்பில் படம் எடுக்கும்போது ஒரு வானொலி அறிவிப்பாளர் தகாத முறையில் தொட்டதாக ஸ்விஃப்ட் புகார் சொன்னார். அந்த ஆள் வேலை இழந்து, தன் பெயர் கெட்டுவிட்டது என்று ஸ்விஃப்ட் மேலேயே வழக்குப் போட்டார். ஸ்விஃப்ட் எதிர்வழக்குப் போட்டு நஷ்டஈடாகக் கேட்டது ஒரே ஒரு டாலர். டென்வர் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வக்கீல் சுற்றிச் சுற்றிக் கேட்டதற்கெல்லாம் தலை குனியாமல் பதில் சொன்னார். நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஒரு டாலர் பணத்துக்காக இல்லை. பஸ்ஸிலும் எல்.ஆர்.டி. ரயிலிலும் நம் பிள்ளைகளுக்கு இதே மாதிரி நடக்கிறது, அவர்கள் வீட்டில் சொல்வதில்லை. இந்தக் கதையை வகுப்பில் பேசிய அன்று, மூன்று பிள்ளைகள் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றார்கள். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

அரசியலும் பேசுகிறாராமே?

பேசுகிறார். 2018 வரை வாய் திறக்காமல் இருந்தவர், அதற்குப் பிறகு திறந்தார். 2023 செப்டம்பரில் வாக்காளராகப் பதியுங்கள் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு வார்த்தை போட, அன்று ஒரே நாளில் 35,000 பேருக்கு மேல் ஓர் இணையதளத்தில் பதிந்தார்கள். நம் ஊரில் 2021 டிசம்பரிலிருந்து பதினெட்டு வயதானாலே பெயர் தானாகச் சேர்ந்துவிடும். நம் பிள்ளைகள் செய்ய வேண்டியது வாக்குச்சாவடிக்கு நடந்து போவது மட்டும்தான்.

குறையே இல்லாதவரா?

இருக்கிறது. தனி விமானத்தில் அடிக்கடி பறக்கிறார், அந்தப் புகை எல்லார் தலையிலும்தான் விழுகிறது. ஒரே ஆல்பத்தைப் பல அட்டைகளில் விற்கிறார்கள், பிள்ளைகள் எல்லாவற்றையும் வாங்கத் துடிக்கிறார்கள். அதில் நான் கண்டிப்பு. ஒன்று போதும். பெருங்கூட்டத்தில் ஆபத்தும் உண்டு. 2023 நவம்பரில் ரியோவில் கடும் வெப்பத்தில் ஓர் இளம் ரசிகை உயிரிழந்தார். புக்கிட் ஜாலிலில் எந்த நிகழ்ச்சிக்கு அனுப்பினாலும் தண்ணீர், தொப்பி, வயிற்றுக்குச் சாப்பாடு மூன்றையும் பார்த்து அனுப்புங்கள்.

நம்மிடையே இப்படி ஒரு பெண் வருவாளா?

மலேசியத் தமிழர்களுக்கு இசையில் குறைச்சல் இல்லை. பினாங்கில் தொடங்கிய அல்லிகேட்ஸ் இசைக்குழுவின் சகோதரர்கள் மலாய்ப் பாட்டில் நாட்டையே கட்டிப்போட்டார்கள். யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் கொண்டுவந்த தமிழ் ராப் சென்னை வரை போனது. எல்லாரும் ஆண்கள். பாடும் பெண்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் காத்திருப்பது தானே எழுதி, தன் பெயரில் உரிமை வைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு. அந்த லாரிச் சாவிக்கொத்துப் பிள்ளை இப்போது யூகலேலே வாங்கியிருக்கிறாள்.

எனக்கு இங்கிலீஷ் பாட்டு ஓடாது. எங்கே தொடங்கலாம்?

2020இல் வந்த 'எவர்மோர்' ஆல்பத்தில் 'மார்ஜரி' என்று ஒரு பாட்டு. மார்ஜரி ஃபின்லே, ஸ்விஃப்டின் அம்மாவைப் பெற்ற பாட்டி, ஓபரா பாடகி. பேத்திக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, 2003இல் காலமானார். பாட்டி பழைய காலத்தில் பாடிப் பதிவு செய்த குரலை எடுத்து இந்தப் பாட்டின் அடியில் மெல்லச் சேர்த்திருக்கிறார். மகளை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அக்கா மகள் சொல்லிக்கொண்டே வர, அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "அந்தப் பாட்டி குரல் எந்த இடத்துல வருது, அதை மட்டும் வை" என்றார். இவள் பின்னால் தள்ளி மறுபடி வைத்தாள். அம்மா போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து, "ம், கேக்குது" என்றார்.